மாட்டாத சங்கிலி

இன்று காலை புக்கத்துறை சாலையில் எனக்கு முன்னால் ஒரு சின்னக் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று, அதன் மேல் கரும்புச்சாறு பிழியும் மெஷின். காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கிக்குக் கீழே ஒரு சங்கிலி அவிழ்ந்து தொங்கி, தார்ரோட்டில் உரசிக்கொண்டே போனது. என் காரின் கண்ணாடிகளை ஏற்றியிருந்தும் அந்தச் சத்தம் உள்ளே வந்தது. இரண்டு கிலோமீட்டர் தூரம் பின்னாலேயே போனேன். பிறகு ஹாரன் அடித்து, முந்திப்போய் நிறுத்தினேன்.

ஓட்டி வந்தவர் பயந்துவிட்டார். நான் சங்கிலியைக் காட்டியதும் சிரித்தார். கொக்கிதான் கெட்டியாக மாட்டியிருக்கிறதே, சங்கிலி வெல்டிங்காரர் சும்மா வைத்துக் கொடுத்தது என்றார். நான் ரோட்டில் முட்டி போட்டுக் காருக்கு அடியில் கையை விட்டு, சங்கிலியைக் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் மாட்டினேன். ஆபீசுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் அந்த வாசனை. மதியத்துக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ஊர் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதவேண்டியிருக்கும்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை நல்லவர்களாக்கிவிடுகிறார்கள். உனக்கு நல்ல வாய் கிடையாது. பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் மற்றவர்களைவிட எனக்குத் திட்டு கூடுதலாகவே கிடைக்கும். நான் சர்க்கார் வேலைக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தபோது, உன் ஜெனரேட்டர் வாடகைத் தொழிலில் கூட வந்து ஒட்டிக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ், எதுவானாலும் உத்திரமேரூரைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கு உன் ஜெனரேட்டர்தான் போகும். டிராக்டர் வைத்து இழுக்க வசதியில்லை. பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, லேசான ட்ரெய்லர் ஒன்றை வெல்டிங் கடையில் பக்கத்திலேயே நின்று செய்ய வைத்து, அதற்கு நம்பர் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நடை நடந்தாய். இந்த மாதிரி ட்ரெய்லருக்கு யார் நம்பர் வாங்குகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "உன்ன மாதிரி ஆளுங்க வாங்கமாட்டாங்க" என்றாய்.

அந்த ட்ரெய்லர் விஷயத்தில் நீ ஒரு பூசாரி மாதிரி. முதலில் ஜெனரேட்டரை அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி உட்காரவைப்பாய். பிறகு ட்ரெய்லரின் முன் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாய். "அர மூட்ட சிமெண்டு கனம் கொக்கி மேல உக்காரணும். கொறஞ்சா வாலு ஆடும். மிஞ்சினா காரு மூக்கு தூக்கும், ஸ்டேரிங் கேக்காது." பிறகு கொக்கி. பிறகு அதன் பூட்டு. பிறகு சங்கிலி, இரண்டு பக்கத்துச் சங்கிலியும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. கொக்கி கழன்றாலும் முன் கம்பி அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல்தான் விழும், ரோட்டில் குத்தாது, ட்ரெய்லர் தன் இஷ்டத்துக்கு ஓடாது. பிறகு பின் விளக்கு. பிறகு டயரில் காற்று. புறப்பட்டு ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி நிறுத்தி இறங்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாய், சக்கரத்தின் நடுக்குடம் சுடுகிறதா என்றுகூட.

"காரு சின்னது. பின்னாடி இன்னா வருதுன்னு அதுக்குத் தெரியாது. நம்மதான் தெரிஞ்சிக்கினு ஓட்டணும்" என்பாய். நாற்பதைத் தாண்டி ஒருநாளும் போகமாட்டாய். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவில் நீ விடுகிற இடத்தில் மூன்று ஆட்டோ புகுந்துவிடும். ட்ரெய்லருக்கு பிரேக் இல்லை, நாம் நின்றாலும் அது நிற்காமல் வந்து தள்ளும் என்பது உன் கணக்கு.

ஒருமுறை மானாம்பதி பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, விழாக்காரர்கள் கேட்டார்கள் என்று நான்தான் நாலு ஸ்பீக்கர் பெட்டிகளை ட்ரெய்லரின் வால்பக்கம் ஏற்றிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. கார் தன்னால் இடமும் வலமும் போனது. பிரேக் பிடி, பிரேக் பிடி என்று நான் கத்தினேன். நீ பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டேரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். வண்டி மெள்ள மெள்ளத் தளர்ந்து, நெளிவது நின்று, ஓரமாக வந்து நின்றது. பிரேக் பிடித்திருந்தால் இரண்டு பேரும் ஏரிக்குள் கிடந்திருப்போம். நீ இறங்கி, உச்சி வெயிலில் எல்லாவற்றையும் என்னையே இறக்கவைத்து, என்னையே முன்பக்கமாக ஏற்றவைத்தாய். ஒரு கை கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "தப்பு பண்ணுடா. ஆனா சொல்லிட்டுப் பண்ணு."

அன்று எனக்கு வந்த கோபம் நெடுநாள் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று முறை நீ கேட்கும் "கொக்கி? பூட்டு? சங்கிலி?" என்ற கேள்வியும் அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டது. என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்துகிறாய் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பத்து வருடத்துக்கு முந்தைய தை மாதம் அது. முந்தின நாள் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும்போது கைப்பிடி திருப்பி அடித்து உன் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தாய். ஒரு காதுகுத்து விழாவுக்குப் பத்து மணிக்குள் ஜெனரேட்டர் போய்ச்சேர வேண்டும். உன்னால் ஸ்டேரிங் பிடிக்க முடியவில்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது, ஆனால் காலி ரோட்டில் உன் காரை ஓட்டிப் பழகியிருந்தேன். பக்கத்து ஊர்தானே, மெதுவாக ஓட்டுகிறேன் என்று நான்தான் கேட்டேன். நீ வெகுநேரம் யோசித்தாய். விழா வீட்டிலிருந்து இரண்டாவது போன் வந்ததும் சாவியைக் கொடுத்தாய்.

அன்று நான் ஒரு புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் எனக்குச் சர்க்கார் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. இத்தனை வருடம் கழித்து வந்த கடிதம். அந்தச் சந்தோஷத்தில் வாங்கிய சட்டை அது. கொக்கியை இறக்கினேன். பூட்டு முழுதாக விழுந்ததா என்று சரியாகப் பார்க்கவில்லை. சங்கிலியை மாட்ட வேண்டுமானால் மண்ணில் முட்டி போட்டுக் காருக்கு அடியில் கையை விடவேண்டும். சங்கிலி முழுக்கக் கிரீஸ். நான் குனிந்தேன், என் சட்டைக் கையைப் பார்த்தேன், நிமிர்ந்துவிட்டேன். சங்கிலியை ட்ரெய்லர் கம்பியிலேயே சுற்றிவிட்டேன்.

நீ உள்ளே இடதுபக்கம் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய். கொக்கி, பூட்டு, சங்கிலி.

"மாட்டிட்டேன்" என்றேன்.

நீ இறங்கிப் பார்க்கவில்லை. உன்னை எனக்குத் தெரிந்த இத்தனை வருடத்தில் நீ இறங்கிப் பார்க்காத ஒரே நாள். கை வலியா, நேரம் ஆகிவிட்டதா, அல்லது மூன்று முறை கேட்டு என்னை ரொம்பவும் புண்படுத்திவிட்டோம் என்று அன்றைக்கு உனக்குத் தோன்றியதா, தெரியாது. ஒரு கிலோமீட்டரில் நிறுத்தச் சொன்னாய். நேரமாகிவிட்டது என்று நான் நிறுத்தவில்லை.

அறுப்பு முடிந்த சமயம். ரோட்டில் ஒரு பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். நெல்லுக்கு எல்லையாகப் பெரிய கற்கள். நான் வலதுபக்கம் ஒதுங்கி ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வேகத்தடை இருந்தது, வெள்ளைக்கோடு அழிந்துபோயிருந்தது. நாற்பதுக்கு மேல் இருந்தேன். கார் தூக்கிப்போட்டது. பின்னால் இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், உடனே கார் லேசாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லர் தனியாக, நம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல, இடதுபக்கம் நெல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

சரசு என்ற பெண் அங்கே நெல்லைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். முதுகு ரோட்டுப் பக்கம். அவள் புருஷன் ஏகாம்பரம் எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். காரை ஓட்டியது யார் என்று அவர் பார்க்கவில்லை, ட்ரெய்லரைத்தான் பார்த்தார், அவர்தான் முதலில் கத்தினார். அவள் திரும்பக்கூட இல்லை. ட்ரெய்லரின் முன் கம்பி முதலில் இடித்தது, பிறகு அது கவிழ்ந்து ஜெனரேட்டர் அவள் மேல் விழுந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அதற்கு மேல் எழுதமாட்டேன், நீயும் பார்த்தாய்.

ஊர் ஜனங்கள் வந்து கூடுவதற்கு முன்னால் நீ என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாய். ட்ரெய்லர் கம்பியில் சுற்றியிருந்த சங்கிலியை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாய். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீ ஓட்டல. நான்தான் ஓட்டினேன்" என்றாய். "உனுக்கு லைசென்ஸ் இல்ல. அடுத்த வாரம் சர்ட்டிபிகேட் பாக்கக் கூப்புட்டுக்கிறாங்க. கேஸுன்னா வேல போச்சி. வண்டிய உன் கையில குடுத்தவன் நான். அது என் தப்பு."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நீ கவனித்திருப்பாய். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையாட்டினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். எங்கும் ஒரு கறை இல்லை.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நீ சொன்னாய். உன் மனைவி விடவில்லை, வக்கீல் வைத்தாள். அவளுக்கு அப்போது உண்மை தெரியாது. பதினொரு வயது மகளை வைத்துக்கொண்டு புருஷனைக் காப்பாற்றப் பார்த்தாள். உன் வீங்கிய மணிக்கட்டே உனக்கு எதிராய்ப் போனது. ஒரு கையால் ஸ்டேரிங் பிடிக்க முடியாதவன் பாரம் இழுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான் என்றார் சர்க்கார் வக்கீல். இத்தனைக்கும் சங்கிலி மாட்டவில்லை என்றார். வண்டியைச் சோதித்த அதிகாரியின் காகிதத்தில் சங்கிலி பயன்படுத்தப்படவில்லை என்று எழுதியிருந்தது.

சம்பவத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி நான். என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். சங்கிலியை மாட்டுவது யார் வேலை? அவர் வேலை. அன்று மாட்டினாரா? இல்லை. ஏன்? அவசரத்தில் மறந்துவிட்டார்.

எதிரில் நின்றிருந்த நீ அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாய். நான் ஓட்டவில்லை என்று சொன்னபோது உன் முகத்தில் எதுவும் மாறவில்லை. மறந்துவிட்டார் என்றபோது மாறியது. நான் ஓட்டியதை மறைக்கத்தான் நீ சம்மதித்திருந்தாய். உன் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ள நீ எனக்கு உரிமை கொடுக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. உண்மை போலக் கேட்கவேண்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்ட சொல் அது.

அன்று கோர்ட் வாசலில் ஏகாம்பரம் காத்திருந்தார். நம் இரண்டு பேரையும் தாண்டவிட்டு, பிறகு உன்னை மட்டும் கூப்பிட்டார். நீ திரும்பியதும் செருப்பைக் கழற்றி உன் கன்னத்தில் அடித்தார். இரண்டாவது அடி காதில் விழுந்தது. "மறந்துட்டியாடா? ஒரு சங்கிலியப் போட மறந்துட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். போலீஸ்காரர் வந்து விலக்கும் வரைக்கும் நீ கையைத் தூக்கவில்லை. நான் மூன்றடி தூரத்தில் நின்று, அவருடைய கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓய்ந்தபின் அவர் என்னிடம் வந்து, சார் நீங்களாவது உண்மையைச் சொன்னீர்களே என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஒரு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தாய். லைசென்ஸ் போயிருந்தது. காரும் ஜெனரேட்டரும் வழக்குச் செலவில் போயிருந்தன. அரிசி மில்லில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனாய். ஊர் அதற்குள் உனக்குப் பெயர் வைத்துவிட்டது: சங்கிலி. முதலில் டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், மில்லில் சம்பளம் கொடுக்கும்போதுகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ட்ரெய்லரின் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்க்காமல் நகராதவனுக்கு, மறந்தவன் என்று பெயர்.

உன் மகள் பிளஸ் டூ முடித்து வருமானச் சான்றிதழுக்காக எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அப்பா பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் கிளார்க், "நம்ம சங்கிலி பொண்ணா?" என்று சத்தமாகக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், சித்தப்பா என்று சின்னதிலிருந்து கூப்பிட்டவள். நான் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினேன். அந்த நாளுக்குப் பிறகு அவள் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருடம், உனக்குச் சோற்றை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துபோவாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் வீட்டுக்குக் கரும்பும் வேட்டி சேலையும் கொண்டுவருவேன். நான் பேச்சை எடுக்க வாயைத் திறந்தால், "வேல எப்பிடி போவுது?" என்று கேட்பாய். அதை உன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மில்லின் உமித்தூசு உன் நெஞ்சைத் தின்றது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தது ஒரு மதிய நேரம். மூக்கில் குழாய் இருந்தது. உன் மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அன்றைக்காவது என்று நான் துணிந்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"என்னையா கேக்குற?" என்றாய்.

அவ்வளவுதான். சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாய். வேண்டாம் என்று நீ சொன்னதாக நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். நாலாம் நாள் நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், உன் மனைவி பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூட விடாமல் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா" என்றாள். "ஜெயில்லேர்ந்து வந்த அன்னிக்கே சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அவனே வந்து சொல்லுவான்னாரு. பொங்கலுக்குப் பொங்கல் நீங்க வருவீங்க. நீங்க போனதும் நான் அவரு மொகத்தப் பாப்பேன். இல்லன்னு தலைய ஆட்டுவாரு. ஆறு பொங்கல்ணா."

 அவள் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். இனிமேல் யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அது காரணமில்லை என்றாள். "அவ ரெண்டு வருசம் அப்பங்கிட்ட பேசல. இப்ப போயி உங்கப்பன் ஒண்ணுமே பண்ணலன்னு சொன்னா அவ இன்னா ஆவா? உங்களுக்கு எறக்கி வெக்கணும்னு கீது. எம் பொண்ணு தலயில எறக்காதீங்க."

அவள் சொன்னதை இரண்டு மாதம்தான் காப்பாற்றினேன். மகளுக்குத்தானே சொல்லக்கூடாது என்றாள், ஏகாம்பரத்துக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் தூங்க முடியவில்லை என்பதுதான் நிஜம். பிறரைப் பற்றிய கவலை அதில் எங்கும் இல்லை.

அவர் கழனியில் மோட்டார் ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். வாங்க சார் என்று எழுந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சட்டைக்காவவா?"

ஆமாம் என்றேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். உன் காதில் விழுந்த மாதிரி என் காதிலும் ஒன்று விழுந்தால் போதும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. வரப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, ஒவ்வொரு வருடமும் சரசுவின் திதியன்று நீ அங்கே போயிருக்கிறாய். ஜெயிலில் இருந்த வருடம் மட்டும் போகவில்லை.

"கால்வாய்க்கு அந்தாண்ட, பனமரத்தாண்ட வந்து நிப்பாரு. கிட்ட வரமாட்டாரு. படையல் முடியறவரிக்கும் நின்னுட்டுப் பூடுவாரு. மொத வருசம் கல்லெடுத்து அடிச்சேன். நெத்தி கீறி ரத்தம் வந்துது, அப்பவும் போவல. அப்பால நான் அடிக்கிறத வுட்டுட்டேன், ஆனா ஒருவாட்டிகூட வான்னு கூப்புடல." வரப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "செருப்பால அடிச்சேன். கல்லால அடிச்சேன். ஒண்ணும் பண்ணாத ஆள அடிச்சிக்கீறேன். அவரு உசுரோட இருக்கசொல்ல நீ வந்து சொல்லியிருந்தா அவரு கால்ல வுழுந்திருப்பேன். இப்ப நான் எங்க போயி வுழுவேன்? எம் பொண்டாட்டியத்தான் கொன்ன. என்னையும் பாவியாக்கிட்டு வந்து நிக்கிற."

மறுநாள் காலை அவர் உன் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் சாஷ்டாங்கமாக விழுந்து, உன் மனைவி எழுப்ப எழுப்ப எழாமல் அழுதிருக்கிறார். உன் மகள் உள்ளேயிருந்து வந்து, இவர் ஏன் அழுகிறார் என்று கேட்டிருக்கிறாள். அவர் சொல்லிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும், அவளிடம் சொல்லக்கூடாது என்று?

அதற்கடுத்த நாள் அவள் ஆபீசுக்கு வந்தாள். வரிசையில் நின்றிருந்தவர்களை விலக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் எழுந்தேன். இந்த முறை சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

"எங்கப்பா கேட்டப்போ, மாட்டிட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து மூன்று மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, சாப்பிடுப்பா, சாப்பிடுப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். தேறிவிட்டாள் என்கிறார்கள். உன் மனைவி என்னைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப்போகிறாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆபீசில் அன்று எல்லோர் காதிலும் விழுந்தது. எனக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டேன். தண்டனை அனுபவித்தவரும் போய்விட்டார், பழைய கேஸ் கட்டைக் கிளறினால் உங்கள் வேலைதான் போகும், பேசாமல் இருங்கள் என்றார். பேசாமல் இருந்துவிட்டேன். மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். ஆனால் பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான் போலிருக்கிறது. போன மாதம்கூட டீக்கடையில் ஒருவர் மற்றவருக்கு வழி சொன்னார், சங்கிலி வீட்டுக்கு அடுத்த சந்து என்று. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து, வாங்க சார் என்றார்கள்.

போன தை மாதம் சரசுவின் திதி வந்தது. நீ இல்லாத முதல் வருடம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். கால்வாய்க்கு இந்தப் பக்கம் பனைமரம் எதுவென்று கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை, ஒன்றுதான் இருந்தது. அதன் அடியில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் படையல் போடும் இடம் தெரிந்தது. நாலைந்து பேர் இருந்தார்கள். கற்பூரப் புகை தெரிந்தது. இத்தனை தூரத்தில் நின்று நீ என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து, கால்வாயில் இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து இந்தப் பக்கம் ஏறி வந்தார். வேட்டி நனைந்து சொட்டியது. கையில் கல் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மெதுவாகத்தான் சொன்னார். "சார், இது அவரு நின்ன எடம். நீங்க இங்க நிக்காதீங்க."

நான் நகர்ந்தேன். மரத்தை விட்டுப் பத்தடி தள்ளி நின்றேன். அங்கேயும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். கடைசியில் ரோட்டுக்கே வந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அவர் திரும்பித் தண்ணீரில் இறங்கினார்.